நலமா என்று பார்த்துச் சொல்கிறேன்

கட்டுமாவடி
9.9.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் ஷர்லி எழுதுவது. நீங்கள், அப்பா, ஆடுகள் எல்லோரும் சுகமா? நான் சுகமா என்பதை இப்போதே பார்த்துச் சொல்கிறேன். உதடு வெடிக்கவில்லை. தெர்மாமீட்டர் 98.2 காட்டுகிறது. காலையில் மூன்று இட்லி சாப்பிட்டதாக நோட்டில் இருக்கிறது. ஆகவே சுகம்தான் என்று நினைக்கிறேன்.

"போன் இருக்கையில லெட்டர் எழுதுறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று பஸ் ஏறும்போது சொன்னீர்கள். போனில் உங்கள் குரல் கேட்டால் நீங்கள் என்னைத் திட்டுகிறீர்களா, ஆட்டை விரட்டுகிறீர்களா என்று எனக்குத் தெரிவதில்லை. எழுத்தில் தெரியும். தவிர நான் இப்போது போஸ்ட்மாஸ்டர். என் தபால் பையில் பேங்க் நோட்டீசும் ஆதார் கார்டும்தான் வருகின்றன. அம்மாவின் இன்லண்ட் லெட்டர் ஒன்றாவது வரட்டும்.

ஆபீஸ் ஒரே அறைதான். கட்டுமாவடிக் கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். தபால் பை கொண்டு வருபவர் பெயர் குழந்தைசாமி. வீட்டுக்கார அக்கா முத்துமாரியம்மாள், கரையில் மீன் எடுத்து விற்கிறார். நாற்றம் என்று சொல்லாதீர்கள். மூன்று நாளில் பழகிவிட்டது.

திருச்சி டாக்டர் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆட்டிசம் உள்ள சிலருக்குப் பசி, தாகம், வலி எல்லாம் தாமதமாக வரும், இல்லையென்றால் வேறு வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்றார் இல்லையா. வேஷத்தைக் கண்டுபிடிக்க நோட்டுப் போடச் சொன்னார். போட்டிருக்கிறேன். அதுவரை அலாரம் அடித்தால் சாப்பிடுகிறேன், அலாரம் அடித்தால் தண்ணீர் குடிக்கிறேன்.

நாம் பேசிக்கொண்டது நினைவில் இருக்கிறது. ஈஸ்டர் வரைக்கும் கெடு. அதற்குள் ஒருமுறை மயங்கி விழுந்தாலும் வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சம்மதித்தேன், மாற மாட்டேன். ஆனால் அம்மா, இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. விட்டு வர மனமில்லை. அதையும் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அப்பாவின் இருமல் எப்படி என்று எழுதவும்.

உங்கள் மகள்
ஷர்லி


சேசு மரி சூசை துணை

மேலப்பட்டி
20.9.2024

என் செல்ல மகளுக்கு அம்மா செபமாலை எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நாங்கள் சுகம். அப்பா இருமிக்கொண்டே வயலுக்குப் போகிறார். கஷாயம் கொடுத்தால் வாசலில் ஊற்றிவிட்டுக் குடித்துவிட்டேன் என்கிறார்.

சுகமா என்று கேட்டால் சுகம் என்று எழுது. தெர்மாமீட்டரையெல்லாம் எழுதினால் எனக்குப் பகீர் என்கிறது. மூன்று இட்லி உனக்கு எப்படிப் போதும்? அந்த வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லி நாலாவது வாங்கிச் சாப்பிடு. மீன் வாங்கினால் முள் பார்த்துச் சாப்பிடு, தொண்டையில் சிக்கினாலும் உனக்குத் தெரியாது.

அந்த டாக்டர் சொன்ன பேரை அங்கே யாரிடமும் சொல்லி வைக்காதே. ஊர் வாய் பொல்லாதது. நாளைக்கு உன்னைப் பெண் கேட்டு வருகிறவன் முதலில் அதைத்தான் கேட்பான். உனக்கு நோயும் இல்லை, நொடியும் இல்லை. நீ பொறுமைசாலி, அவ்வளவுதான். ஏழு வயதில் தவக்காலம் முழுக்க ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடித்து, பச்சைத் தண்ணீரும் கேட்காமல் இருந்தாயே, அது எந்தப் பிள்ளைக்கு வரும்? பத்து வயதில் வேளாங்கண்ணிக்கு நடந்தோமே. காலில் முள் ஏறியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ. உபதேசியார் இன்றைக்கும் கோயிலில் அதைச் சொல்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை கூடச் சொன்னார்.

கெடு கெடுதான். ஈஸ்டருக்குள் ஒரு தரம் விழுந்தாலும் அம்மா வந்து கையோடு கூட்டி வந்துவிடுவேன். போஸ்ட்மாஸ்டர் வேலை போனால் போகட்டும். பிள்ளை எனக்கு ஒன்றுதான் இருக்கிறது.

சாப்பிடு. சாப்பிடு. சாப்பிடு.

அம்மா


கட்டுமாவடி
6.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமா? என்னை வெறுமனே சுகம் என்று எழுதச் சொன்னீர்கள். பார்க்காமல் எழுதினால் பொய்யாகிவிடும். பார்த்துவிட்டேன். சுகம்.

ஒரு பெரிய சமாச்சாரம். சொல்வதற்கு முன்னால் என் மேல் வந்த புகாரைச் சொல்கிறேன். ஒரு நாள் குழந்தைசாமி அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே வந்து நின்றார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. பதினோரு மணிக்குப் போஸ்டாபீஸ் போனா திட்டு விழுதுன்னு ஊருக்குள்ள பேச்சு. எல்லாரும் பன்னெண்டுக்கு மேலதான் வாராங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் யாரையும் திட்ட நினைக்கவில்லை. ஆனால் உண்மைதான். முதியோர் பென்ஷனுக்கு வந்த ஒரு பெரியவர் கைரேகை வைக்கத் தாமதம் செய்தார் என்று ஸ்டாம்ப் பேடை மேசையில் ஓங்கி அடித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து கோபம் வரும் நேரத்தை நோட்டில் குறித்தேன். பதினான்கு நாள். 11.05, 10.50, 11.10, 11.00. ஒரு மனுஷிக்குக் கோபம் தினமும் ரயில் மாதிரி நேரத்துக்கு வருமா? பதினைந்தாம் நாள் சரியாக 11 மணிக்குக் கோபம் வந்தவுடன் கவுண்டரை மூடிவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டேன். கோபம் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அம்மா, அது கோபமே இல்லை. அதுதான் பசி.

எனக்கு இருபத்தாறு வயதாகிறது. இத்தனை வருஷமாக எனக்கும் பசித்திருக்கிறது. நான்தான் அதற்குக் கோபம் என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்களும் "மோட்டுப் பிடிவாதம்" என்று பெயர் வைத்து முதுகில் நாலு வைத்திருக்கிறீர்கள். நான் ஆபீஸ் அறைக்குள் தனியாகச் சிரித்தேன். குழந்தைசாமி அண்ணன் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

ஒரு கேள்வி. வேளாங்கண்ணி நடந்தபோது முள் ஏறியது எந்த நாள்? எனக்கு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தது மட்டும்தான் ஞாபகம். அந்த முள் எந்த வேஷத்தில் வந்தது என்று தெரிந்தால் நோட்டில் எழுதிக்கொள்வேன். நடக்கும்போது நான் எப்படி இருந்தேன் என்று எழுதவும்.

பதிலை எதிர்பார்க்கும்
ஷர்லி


சேசு மரி சூசை துணை

மேலப்பட்டி
18.10.2024

அன்பு மகளுக்கு அம்மாவின் ஆசீர். கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்குத்தான் தினமும் செபமாலையில் ஐம்பத்துமூன்று மணியும் உருட்டி ஜெபம்.

கருத்த ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று பால் குடிக்கத் தெரியாமல் தாயின் முன்னங்காலை முட்டிக்கொண்டு நின்றது, அப்பா பிடித்து மடியில் விட்டார். மழை இன்னும் கனக்கவில்லை. உன் சித்தி வீட்டுப் புதுமனைக்குப் பங்குச் சாமியாரை அழைத்து மந்திரிப்பு வைத்திருக்கிறார்கள், நீ வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நீ எழுதியதை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். பசியைப் போய்க் கோபம் என்கிறாளே என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். முதுகில் நாலு வைத்ததை எழுதியிருக்கிறாய். அடித்த கை இது, அதனால் இந்தக் கையாலேயே எழுதுகிறேன்: தெரியாமல் செய்துவிட்டேன் ஆத்தா.

பதினோரு மணி இட்லியை விடாதே. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

அம்மா


கட்டுமாவடி
10.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

அனைவரும் நலமா? குட்டிகள் நலமா? நான் இன்று நலம். வியாழக்கிழமை நலமாக இல்லை. அதைத்தான் எழுதப்போகிறேன். மறைத்தால் நாம் பேசிக்கொண்டதற்கு அர்த்தமே இல்லை.

அன்றைக்குப் பென்ஷன் கூட்டம். தண்ணீர் அலாரம் அடித்ததை அணைத்துவிட்டு வேலை பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை. மதியம் கவுண்டரில் ஒரு பாட்டி பேசிக்கொண்டிருந்தார். வாய் அசைகிறது, சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மேசை விளிம்பு வெள்ளையாகிவிட்டது. இந்தச் சத்தம் தூரமாகப் போவது நோட்டில் ஏற்கெனவே இரண்டு முறை இருக்கிறது. இரண்டு முறையும் நான் தண்ணீர் குடிக்காத நாள். ஆகவே இது தாகம் என்று முடிவு செய்து, நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தேன். விழவில்லை அம்மா. உட்கார்ந்தேன். ஒரு சொம்புத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் குடித்தேன். பத்து நிமிஷத்தில் பாட்டியின் குரல் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த நேரம் உள்ளே வந்த முத்துமாரியக்கா, "என்னம்மா, தரையில ஒக்காந்து தபால் பாக்குற?" என்று கேட்டார்.

மயங்கி விழுந்தால் வர வேண்டும் என்பதுதான் பேச்சு. நான் மயங்கவும் இல்லை, விழவும் இல்லை. விழப்போகிறேன் என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக.

வேளாங்கண்ணிக் கேள்விக்கு நீங்கள் பதில் எழுத மறந்துவிட்டீர்கள்.

அன்புடன்
ஷர்லி


மேலப்பட்டி
14.11.2024

ஷர்லிக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. வக்கீல் மாதிரி விழவில்லை, உட்கார்ந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடம் நடுரோடாக இருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பாய்? லாரிக்கு அடியிலா?

போதும். சனிக்கிழமை அப்பா வருகிறார். துணிமணியைக் கட்டி வை. ராஜினாமாவை எழுதி வை. பேச்சு வேண்டாம்.

அம்மா


கட்டுமாவடி
21.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சுகமா? என் மேல் கோபமாக இருந்தால் ஏதாவது சாப்பிட்டுப் பார்க்கவும். இது கிண்டல் என்று சொல்லி வைக்கிறேன், இல்லையென்றால் சில சமயம் யாருக்கும் தெரிவதில்லை.

அப்பா வெறும் கையோடு திரும்பி வந்ததைப் பார்த்து என்ன சொன்னீர்களோ. இங்கே நடந்ததை அவர் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

மூன்று பஸ் மாறி ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். நான் துணி கட்டி வைத்திருந்தேன். ராஜினாமாவும் எழுதி வைத்திருந்தேன், தேதி மட்டும் போடவில்லை. அப்பா "நீ ஆபீசத் தொற, நான் சும்மா ஒக்காந்திருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மூடும் வரை அங்கேதான் இருந்தார். நான் 11 மணிக்குக் கவுண்டரை மூடி இட்லி சாப்பிட்டதைப் பார்த்தார். அலாரம் அடித்துத் தண்ணீர் குடித்ததைப் பார்த்தார். ஒரு அம்மாள் மகன் அனுப்பிய பார்சல் எங்கே என்று சண்டைக்கு வந்தார். நான் கம்ப்யூட்டரில் பார்த்து, புதுக்கோட்டை வந்துவிட்டது, திங்கட்கிழமை வரும் என்று சொல்லி அனுப்பினேன். அப்பா பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு நோட்டைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்து வாசித்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என் ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். நான் வேளாங்கண்ணி முள்ளைப் பற்றி அவரிடமும் கேட்டேன். பஸ் கிளம்பிவிட்டது. படிக்கட்டில் நின்றுகொண்டு, "அத ஒங்க அம்மாகிட்ட கேளு" என்றார்.

கேட்கிறேன் அம்மா. மூன்றாவது தடவை.

ஷர்லி


சேசு மரி சூசை துணை

மேலப்பட்டி
12.1.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. கிறிஸ்துமஸுக்கு நீ வந்த இரண்டு நாளும் முகம் பார்த்துப் பேச எனக்கு வாய்க்கவில்லை. அதிரசம் சுட்டேன், வீட்டைப் பெருக்கினேன், நீ கிளம்பிவிட்டாய். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அப்பா உன் ராஜினாமாவைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். எடுத்துக் கொடுங்கள் என்றால் காது கேட்காதவர் மாதிரி இருக்கிறார்.

சரி, ஈஸ்டர் வரைக்கும் பார்க்கிறேன். அப்பாவுக்காக.

கேட்க வேண்டாததைக் கேட்கிறாய். பதினாறு வருஷத்துக்கு முந்தியது. கால் ஆறிவிட்டது. விட்டுவிடு.

பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்ப ஆள் இல்லை. அங்கேயே வாங்கிக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


கட்டுமாவடி
6.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? அப்பா இருமுகிறாரா? நான் நலம். நோட்டில் இதுவரை தெரிந்தவை: பதினோரு மணிக் கோபம் பசி. சத்தம் தூரமாகப் போவது தாகம். ஃபேன் சத்தம் பொறுக்க முடியவில்லை என்றால் பாத்ரூம் போக வேண்டும். கண்ணில் தானாகத் தண்ணீர் வந்து, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் எங்கோ வலி. கடைசியானது ஜனவரியில் பல் சொத்தை வந்தபோது கிடைத்தது. ஃபேன் விஷயத்தை மட்டும் அப்பாவிடம் வாசிக்க வேண்டாம்.

நேற்று விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் வாங்கினேன். ஆனால் ஒருசந்தி பிடிக்கவில்லை. இந்தத் தவக்காலம் முழுக்கப் பிடிக்கப்போவதும் இல்லை. உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். எனக்குப் பசி இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது அம்மா. இல்லாத பசியை அடக்கினேன் என்று இத்தனை வருஷம் பேர் வாங்கிவிட்டேன். அது என் காசு இல்லை. திருப்பிக் கொடுத்துவிட நினைக்கிறேன்.

நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்றுதான் எனக்கு வருத்தம். அதுவும் எனக்குத் தெரிகிறது. தொண்டையில் வருகிறது.

ஷர்லி


சேசு மரி சூசை துணை

மேலப்பட்டி
17.3.2025

என் தங்க மகளுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

கடிதத்தை தெருப் பெண்களோடு ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்குப் போகிற வழியில் வாசித்தேன். கூட்டத்துக்குப் போகவில்லை, திரும்பி வந்துவிட்டேன். இரண்டு நாள் பேனாவை எடுத்தேன், வைத்தேன். இப்போது அப்பா சந்தைக்குப் போயிருக்கிறார். எழுதிவிடுகிறேன்.

முள் ஏறியது மூன்றாம் நாள். கருவேல முள். சாயங்காலம் சத்திரத்துக்கு வந்தபோது நீ நடந்து வந்த சிமெண்டுத் தரையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருந்தது. நான் பார்த்தேன். நான்தான் முதலில் பார்த்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாய். உன் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, உடம்பு சாய்ந்துதான் நடந்தாய். பிள்ளை மாதாவை நினைத்து உருகுகிறது என்று உபதேசியார் சொன்னார். பெண்கள் வந்து உன் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். என் மகள். என் வயிற்றில் பிறந்தது. எனக்கு மனசு பூரித்துப் போய்விட்டது.

அப்பா பஸ்ஸில் கூட்டிப்போய்விடலாம் என்று சண்டை போட்டார். நான் கேட்கவில்லை. உன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. திருப்பினால் முள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். துணியைச் சுற்றிக் கட்டி இன்னும் மூன்று நாள் நடக்க வைத்தேன்.

உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இதைத்தான் ஐந்து மாதமாக எழுத முடியவில்லை.

ஒருசந்தி பிடிக்க வேண்டாம். நன்றாகச் சாப்பிடு. என்னை மன்னிப்பாயா என்று கேட்கக் கூட வாய் வரவில்லை.

அம்மா


கட்டுமாவடி
10.4.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? ஆஸ்பத்திரியிலும் இங்கேயுமாகப் பன்னிரண்டு நாள் என்னோடு இருந்துவிட்டு நீங்கள் போன பிறகு அறை பெரிதாகிவிட்டது. தையல் காய்ந்துவிட்டது. 98.4. சுகம்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல் என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். எனக்கு வாயால் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மார்ச் 27, வியாழன். பதினோரு மணிக்குக் கோபம் வரவில்லை. முதலில் சந்தோஷப்பட்டேன், நல்ல பிள்ளையாகிவிட்டேன் என்று. மறுநாளும் வரவில்லை. பசி ஏன் வரவில்லை என்று யோசித்தேன். இட்லியைப் பார்த்தால் தள்ளி வைக்கத் தோன்றியது. மதியம் குழந்தைசாமி அண்ணன், "ஏன் மேடம் கோணிக்கிட்டு நடக்குறீங்க?" என்று கேட்டார். கண்ணாடியில் பார்த்தேன். வலது பக்கம் சாய்ந்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர். காய்ச்சல் 100.6. உங்கள் கடிதம் மேசையில் இருந்தது அம்மா. கண்ணில் தண்ணீர் வழிய, உடம்பு சாய்ந்து நடந்தாய் என்று எழுதியிருந்தீர்கள். பத்து வயதிலும் எனக்கு வலி இப்படித்தான் வந்திருக்கிறது. பல் வலியில் வந்தது தற்செயல் இல்லை. அப்படியானால் இதுவும் வலிதான், சின்ன வலியும் இல்லை. உங்கள் கடிதம்தான் எனக்கு அதை உறுதி செய்தது. நீங்கள் அதை எழுதாமல் விட்டிருந்தால் நான் இன்னும் ஒரு நாள் பார்த்திருப்பேன். மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதுதான் என் பதில்.

கவுண்டரை மூடிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் எங்கே வலி என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். வலிக்கிற ஆள் இப்படி நின்று பேசுமா என்று சிரித்து, கேஸ் மாத்திரை எழுதினார். முன்பு போல் இருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு அறந்தாங்கி பஸ் ஏறினேன். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது கை ஐஸாகிவிட்டது. அதையும் குறித்துக்கொண்டேன்.

அங்கே டாக்டர் அருணா. உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "டாக்டர், எனக்கு ஆட்டிசம். எனக்கு வலி வலியா வராது. என் மொகத்தப் பாத்து முடிவு பண்ணாதீங்க, இந்த நோட்டப் பாருங்க." அவர் ஆறு பக்கம் வாசித்தார். படுக்க வைத்து, வலது அடிவயிற்றை அமுக்கிச் சட்டென்று கையை எடுத்தார். வலிக்கிறதா என்றார். தெரியவில்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் வருகிறது, பல்லைக் கடித்திருக்கிறேன் என்றேன். "போதும்மா" என்று ஸ்கேனுக்கு அனுப்பினார். குடல்வால் வீங்கி வெடிக்கிற பதத்தில் இருந்தது. சாயங்காலமே ஆபரேஷன்.

அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். நான் போன் செய்கிறேன் என்றவுடனேயே நீங்கள் அலறிவிட்டீர்கள். குடல்வால் ஆபரேஷன், நானே கண்டுபிடித்தேன், பயப்படாமல் வாருங்கள் என்று மூன்று விஷயம் சொன்னேன். நீங்கள் வரும்வரை முத்துமாரியக்கா மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

நீங்கள் என் துணிகளை அள்ளிக்கொண்டு போகப் பெரிய பையோடு வந்ததைப் பார்த்தேன். மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர், "இந்த நிலையில பாதிப் பேர் வெடிச்ச பெறகுதான் வருவாங்க. யாரு இவ்வளவு சீக்கிரமா கூட்டிட்டு வந்தது?" என்று உங்களைப் பார்த்துக் கேட்டார். நர்ஸ், "தானா பஸ் ஏறி வந்துச்சு டாக்டர்" என்றார். நீங்கள் பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டீர்கள்.

ஈஸ்டருக்குப் பத்து நாள் இருக்கிறது. உங்கள் முடிவை எழுதவும். எதுவானாலும் நேராக எழுதவும்.

ஷர்லி


சேசு மரி சூசை துணை

மேலப்பட்டி
21.4.2025

என் ராசாத்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. உயிர்த்த ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். நாங்கள் சுகம். நீயும் சுகம் என்பதை நீயே பார்த்திருப்பாய், அதனால் கேட்கவில்லை.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை. ஊரே கூடியிருந்தது. நாலாம் ஸ்தலம், ஆண்டவர் தம் தாயைச் சந்திக்கிற இடம். வருஷா வருஷம் உபதேசியார் அங்கேயும் உன் கதையைச் சொல்வார். முள்ளோடு நடந்த பிள்ளை, வாய் திறக்காத பொறுமை என்று ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உபதேசியாரே, மன்னிச்சுக்கங்க. அது பொறுமை இல்லைங்க. என் பிள்ளைக்கு வலி தெரியல. தெரிஞ்ச நான் கண்ண மூடிக்கிட்டேன். இனிமே அந்தக் கதைய யாருக்கும் சொல்லாதீங்க."

உபதேசியார் கையிலிருந்த புத்தகம் இறங்கிவிட்டது. உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன், உட்காரவில்லை. வேறு கதை இருக்கிறது, நான் சொல்கிறேன் என்று சொல்லி, நீ எழுதியதை அப்படியே சொன்னேன். பதினோரு மணிக் கோபம், இட்லி, கோணிய நடை, கேஸ் மாத்திரையை மடித்து வைத்துவிட்டுப் பஸ் ஏறியது, எல்லாம். டாக்டர் சொன்ன பேரையும் சொன்னேன். ஆட்டிசம் என்று. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. அப்பா ஆண்கள் பக்கம் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பினார். ஐந்தாம் ஸ்தலத்துக்கு நகர நேரமாகிவிட்டது.

வெளியே வந்ததும் நாலு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் மகனும் காய்ச்சல் வந்தால் சொல்வதே இல்லை, சுவரைக் குத்துவான் என்று அழுதாள். திருச்சி டாக்டர் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

நேற்று ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் அப்பா பைபிளிலிருந்து உன் ராஜினாமாவை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அடுப்பில் போட்டேன். காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா இரண்டு டம்ளரை எடுத்து வைத்தார்.

உன் சித்தி விருந்துக்கு வந்தவள், ஆபரேஷன் ஆன பிள்ளையைத் தனியாக விட்டிருக்கிறாயே, கெடு முடிந்துவிட்டதே, எப்போது கூட்டி வரப்போகிறாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பரிமாறுவதை நிறுத்தவில்லை.

"எதுக்குக் கூட்டிட்டு வரணும்? அவ ஒடம்புல என்ன நடக்குதுன்னு அவளுக்குத் தெரியும். இங்க ஒக்காந்திருக்குற எத்தன பேருக்குத் தெரியும், சொல்லு" என்றேன்.

அம்மா
செபமாலை